விழுந்த பல்லைப் பாலில் போடுங்கள், திங்கட்கிழமை வரை வைத்திருக்காதீர்கள்

கேள்வி: எனது மகனுக்கு 11 வயது. போன சனிக்கிழமை பின்னேரம் கடற்கரையில் கிரிக்கெட் விளையாடும்போது மட்டை வாயில் பட்டு, மேல் முன்பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டது. மணல் ஒட்டியிருந்ததால் அம்மம்மா சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி லேஞ்சியில் சுற்றி வைத்தார். திங்கட்கிழமை பல் வைத்தியரிடம் கொண்டுபோனபோது பிந்திவிட்டது என்றார். நாங்கள் என்ன பிழை விட்டோம்? இனி என்ன செய்யலாம்? 4 வயது மகளுக்கு இப்படி நடந்தால் என்ன செய்வது?
- வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அம்மம்மாவை யாரும் குறை சொல்ல வேண்டாம். மண்ணில் விழுந்ததைக் கழுவிப் பத்திரமாகச் சுற்றி வைக்கத்தான் எவருக்கும் தோன்றும். பல்லுக்கு அது ஏன் சரிவரவில்லை என்று சொல்கிறேன்.

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்கள் இருக்கின்றன. அடிபட்டுப் பல் கழன்று வரும்போது இந்த நார்கள் அறுந்து, ஒரு பகுதி வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். அதிலுள்ள கலங்களுக்கு அப்போதும் உயிர் இருக்கும். அவை உயிரோடு இருக்கும்போதே பல்லைத் திரும்ப வைத்தால், பழையபடி பிடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. காய்ந்தால் செத்துவிடும். வெறும் காற்றில் அரை மணி நேரம் கிடந்தாலே பெரும்பாலான கலங்கள் போய்விடும். சவர்க்காரமும் தேய்ப்பும் அவற்றை அப்போதே அழித்துவிட்டன, லேஞ்சி மிச்சத்தையும் உலர்த்திவிட்டது. தண்ணீரில் போட்டு வைத்திருந்தாலும் உதவியிருக்காது, கலங்கள் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும்.

ஆகவே பல் வைத்தியரின் கையைவிட, பக்கத்தில் நிற்பவரின் கைதான் முக்கியம். பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ தலையிலும் அடி பட்டிருக்கலாம், அப்படியானால் பல்லைப் பாலில் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேல் பகுதியில் மட்டும் பிடியுங்கள், வேரில் விரல் படக் கூடாது. மணல் இருந்தால் பாலில் அலசலாம், பால் இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் 10 வினாடி காட்டினால் போதும். தேய்க்க வேண்டாம். பிறகு பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சரிபார்த்து, விழுந்த குழியிலேயே மெதுவாக அழுத்தி வைத்துவிடுங்கள். சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுத்து, அப்படியே பல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் இருப்பவர்களே வைக்கலாமா என்று பலர் பயப்படுவார்கள். வைக்கலாம், அதுதான் பல்லுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இடம்.

பயத்தில் கை நடுங்கினால் அடுத்த வழி பால். நிலாவெளி வீதியில் எந்தக் கடையிலும் பெட்டிப் பால் கிடைக்கும். வெறும் பாலாகக் கேட்டு வாங்குங்கள். மைலோ, சொக்லட் பால், சீனி போட்ட பால் எதுவும் வேண்டாம். வீட்டில் பால்மா மட்டும்தான் என்றால் ஆறிய தண்ணீரில் கரைத்துப் போடுங்கள், காய விடுவதைவிட அது எவ்வளவோ மேல். நம் ஊரில் இளநீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் அதைப் பற்றியும் கேட்பார்கள். அதில் அமிலத் தன்மை உண்டு, பால் இருக்கும்போது இளநீர் வேண்டாம். பாலும் இல்லையா, பிள்ளை சின்னக் கோப்பையில் துப்பிய எச்சிலில் பல்லை நனைத்து வையுங்கள். பல்லே அகப்படவில்லை என்றால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சில வேளை மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும்.

வைத்தியர் அந்தப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து இரண்டு கிழமை அளவு கட்டி வைப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல்லென்றால் அதற்கிடையில் வேர்ச் சிகிச்சையும் தொடங்குவார்கள். மண்ணில் விழுந்த பல் என்பதால் ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) பற்றியும் கேளுங்கள்.

இனி உங்கள் மகன். அந்தப் பல் போய்விட்டது என்பது வருத்தம்தான். ஆனால் இடத்தை வெறுமனே விடாதீர்கள், இரண்டு பக்கப் பற்களும் சாய்ந்து வந்து இடத்தைப் பிடித்துவிடும். கழற்றிப் போடக்கூடிய தற்காலிகப் பல் ஒன்று செய்து கொடுக்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல் தாடை வளர்ந்து முடிந்த பிறகுதான், இப்போது யாராவது சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். இன்னொன்று, அடிபட்ட அன்று பக்கத்துப் பல்லும் குலுங்கியிருக்கும். அது சாம்பல் நிறமாக மாறினாலோ, முரசில் சின்னக் கட்டி தெரிந்தாலோ உடனே காட்டுங்கள்.

மகளுக்கு விதி வேறு. 4 வயதில் இருப்பது பாற்பல். அது விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது, மேலே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லை அது குத்திச் சேதப்படுத்தும். இரத்தத்தை நிறுத்தி, வைத்தியரிடம் காட்டினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விழுந்த பல்லால் பெரும்பாலும் உயிர் போகாது, இதனால் போகலாம். சூத்தைப் பல் குத்தும்போது நாம் கராம்பு வைத்து, பனடோல் போட்டு நாள் கடத்துவோம். ஓரிரவுக்கு அது சரி. (அஸ்பிரின் குளிசையை முரசில் வைத்து அடக்குவார்கள். அது முரசைச் சுட்டுப் புண்ணாக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள்.) ஆனால் முகமோ தாடையின் கீழ்ப் பகுதியோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயை நெருக்கிவிடும். எந்த நேரமானாலும் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், மூச்சுவிடச் சிரமமென்றால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். குச்சவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ இருப்பவர்கள் தூரத்தையும் கணக்கில் எடுத்து இன்னும் முந்தியே புறப்பட வேண்டும்.

மகன் திரும்ப விளையாடப் போவான், போகட்டும். பல் வைத்தியரிடம் அளவெடுத்து ஒரு வாய்க் கவசம் செய்துகொடுங்கள். முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இப்படி அடிபடுவது அதிகம், அப்படியானால் பல் சீராக்கும் சிகிச்சை பற்றியும் கேட்டுப் பாருங்கள். 11 வயதில் பற்கள் இன்னும் முளைத்துக்கொண்டிருப்பதால், கவசம் இறுக்கமானால் மறுபடி அளவெடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டிவரும்.