28 கிலோ இறங்கிய பிறகும் எழுந்து நிற்பது ஏன் கடினமாகிறது?

கேள்வி: எனக்கு வயது 46. ஐந்து மாதங்களுக்கு முன் இரைப்பையைச் சுருக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சையை, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்த நான் இப்போது 84 கிலோ. சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் பூஜையறையில் தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. முன்பு இடுப்பில் வைத்துத் தூக்கிய தண்ணீர்க் குடத்தை இப்போது தொடவே பயமாக இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். நாங்கள் சைவம், நான் முட்டை மட்டும் சாப்பிடுவேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் குழைந்த ரசம் சாதம், மாலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் ஓர் இடியாப்பமும் அரை டம்ளர் பாலும்தான் இறங்குகின்றன. பசியே எடுப்பதில்லை. புரோட்டீன் பவுடர் கிட்னியைக் கெடுக்கும் என்றும், கனமானதைத் தூக்கினால் உள்ளே போட்ட தையல் பிரிந்துவிடும் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். எடை குறைந்தால் பலமும் குறையத்தான் செய்யுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எடை இறங்கும்போது தசையும் ஓரளவு கரைவது உண்மை. ஆனால் 112 கிலோ உடலைத் தூக்கி நிறுத்திய அதே கால்களுக்கு, 28 கிலோ சுமை குறைந்த பிறகு எழுந்திருப்பது எளிதாகியிருக்க வேண்டும். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரும்பாலோர் இரண்டு, மூன்று மாதங்களிலேயே படியேறுவதும் எழுவதும் சுலபமாகிவிட்டதாகச் சொல்வார்கள். உங்களுக்கு அது கடினமாகியிருக்கிறது. எடை குறைந்தால் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி இதை விட்டுவிடாதீர்கள். காரணத்தைத் தேட வேண்டும். தேடினால் கிடைக்கக்கூடிய, பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணங்கள்தான் அவை.

முதலில், இழந்த 28 கிலோவில் என்னென்ன இருந்தன என்று பார்ப்போம். இத்தகைய சிகிச்சைக்குப் பிறகு இறங்கும் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கொழுப்பல்லாத எடை. உங்கள் கணக்கில் அது ஆறு, ஏழு கிலோ வரும். அது முழுவதும் தசை என்று அஞ்ச வேண்டாம்; உடலில் இருந்த நீரும், பெரிய உடலுக்காகப் பெருத்திருந்த உறுப்புகளின் எடையும் அதில் அடக்கம். ஆயினும் தசைக்கு அதில் கணிசமான பங்கு உண்டு. அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களுக்குள் நடந்துவிடுகிறது என்பதால், நீங்கள் இப்போது எழுதிக் கேட்டது நல்லதாயிற்று.

தசை கரைவதற்கு இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் திறந்துவிடுகின்றன. ஒன்று உணவு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலான பகுதி நீக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுவதால்தான் உங்களுக்குப் பசி தெரிவதில்லை. உண்ணும் உணவு போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதோடு நில்லாமல், தசையிலுள்ள புரதத்தையும் பிரித்து எடுத்துக்கொள்கிறது. இன்னொரு வழி, சுமை குறைந்தது. இத்தனை ஆண்டுகளாக 112 கிலோவைச் சுமந்து நடந்ததே உங்கள் தொடைகளுக்கும் கெண்டைக்கால்களுக்கும் அன்றாடப் பயிற்சியாக இருந்தது. அந்தச் சுமை மளமளவென்று இறங்கியதும், இவ்வளவு தசை இனி எதற்கு என்று உடல் அதையும் குறைத்துக்கொள்கிறது. நீங்கள் தவறாமல் நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் மிக நல்லது. ஆனால் சமதரையில் நடப்பது தொடைத் தசைக்குப் பெரிய வேலை எதையும் தருவதில்லை.

இனி, உடற்பயிற்சிக்கும் சமையலறைக்கும் போவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரையோ பொது மருத்துவரையோ பார்த்து, ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பு, வைட்டமின் பி12, வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் என்னும் புரதம், பொட்டாசியம், தைராய்டு, சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் சிறுநீரில் அல்புமினையும் பார்க்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து எழ முடியாமை, படியேறுவதில் சிரமம் ஆகிய இரண்டும் வைட்டமின் டி மிகக் குறைந்தவர்களிடம் காணப்படும் அடையாளங்கள். இடுப்பையும் தொடையையும் சுற்றிய பெரிய தசைகளை அந்தக் குறைபாடு முதலில் தாக்கும். சத்து மாத்திரைகளைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்லீவ் செய்தவர்கள் மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டு தீர்ந்ததும் நிறுத்திவிடுபவர்கள் நம்மிடையே ஏராளம். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றை ஒன்று உட்கிரகிக்க விடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை போட்ட கையோடு காபி குடிப்பதும் கூடாது.

மூன்று அறிகுறிகளுக்கு மட்டும் வாரக் கணக்கில் காத்திருக்கவே கூடாது. அடிக்கடி வாந்தி எடுத்து, அதைத் தொடர்ந்து பாதங்களில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால், அது வைட்டமின் பி1 எனப்படும் தயமின் குறைபாடாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு பாதம் மட்டும் தூக்க முடியாமல் செருப்பு வழுகினால், முழங்காலுக்கு வெளிப்புறத்தில் ஓடும் நரம்பு அழுந்தியிருக்கலாம். அந்த நரம்புக்கு மெத்தைபோல் இருந்த கொழுப்பு வேகமாகக் கரைந்தவர்கள், நெடுநேரம் சம்மணமிட்டோ குந்தியோ கால்மேல் கால் போட்டோ உட்காரும்போது இது நேர்கிறது. பூஜையறையில் சிறிது காலம் ஒரு முக்காலியில் உட்காருங்கள். இறைவன் குறை சொல்லமாட்டார். மூன்றாவது, எழும்போது கண் இருட்டித் தலைசுற்றுவது. எடை குறையும்போது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் இரண்டும் அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

இப்போது உணவுக்கு வருவோம். இந்தச் சிகிச்சைக்குப் பின் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. உயரத்துக்கு ஏற்ற சரியான எடை 60 கிலோ என்று கொண்டால், கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் என்ற கணக்கில் 60 முதல் 90 கிராம் வரை போகலாம். நீங்கள் எழுதிய உணவுகளைக் கூட்டிப் பார்த்தேன். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம். ரசம் சாதத்திலும் கஞ்சியிலும் மூன்று கிராம் தேறினால் அதிகம். இடியாப்பத்தையும் பாலையும் சேர்த்தாலும் மொத்தம் 20 கிராமைத் தாண்டவில்லை. நோயாளிக்குக் கஞ்சியும் ரசம் சாதமும்தான் பத்தியம் என்ற நம் வழக்கம் காய்ச்சலுக்குப் பொருந்தும். சிறிய இரைப்பையில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அரிசி மாவே நிரப்பிவிட்டால் தசைக்கு எதுவும் மிஞ்சாது.

ஆகவே தட்டில் எது முதலில் வாய்க்குப் போகிறது என்பதை மாற்றுங்கள். காலையில் இட்லிக்கு முன் இரண்டு முட்டை. அதில் 12 கிராம் வந்துவிடும். முற்பகலில் 50 கிராம் பன்னீரைத் துருவி, எண்ணெய் அதிகமில்லாமல் பொரியல்போல் வதக்கிச் சாப்பிட்டால் 9 கிராம். மதியம், மீல் மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையை உலர்ந்த நிலையில் 20 கிராம் எடுத்து, ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கிக் கெட்டிப் பருப்பிலோ கூட்டிலோ சேர்த்தால் 10 கிராமுக்கு மேல் கிடைக்கும். அதை முதலில் முடித்துவிட்டு, இடமிருந்தால் இரண்டு வாய் சாதம் போதும். மாலையில் கஞ்சிக்குப் பதிலாக, துணியில் கட்டி நீர் வடித்த தயிரும், நன்றாக வெந்த சிறுபயறுச் சுண்டல் ஒரு சிறு கிண்ணமும். இரவில் ஒரு டம்ளர் பால். அதில் 6 கிராம். இவ்வளவையும் நீங்கள் முயன்று சாப்பிட்டால் 45 கிராம் வரும். மீதிக்குப் பவுடர் தேவைப்படும்.

பசியை நம்பிக் காத்திருக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். ஒரே வேளையில் முழுப் புரதத்தையும் திணிப்பதைவிட, 15 முதல் 20 கிராம் வீதம் நான்கு வேளைகளாகப் பிரிப்பது உங்கள் இரைப்பைக்கும் தசைக்கும் ஏற்றது. சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் இடம் அடைத்துக்கொள்ளும். உணவு முடிந்து அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காகக் குடித்து, நாள் முடிவதற்குள் ஒன்றரை லிட்டரை எட்டிவிடுங்கள்.

பவுடரைப் பற்றிய பயத்துக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு நாளொன்றுக்கு 60, 80 கிராம் புரதம் கேடு செய்யாது. மேலும், பவுடரில் இருப்பது பாலிலிருந்து பிரித்த அதே புரதம்தான். ஆனால் உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், கிரியாட்டினினையும் சிறுநீர் அல்புமினையும் பார்த்துவிட்டுத் தொடங்குவதே முறை. அவற்றில் குறையிருந்தால் புரத அளவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு கரண்டிக்கு 20 கிராமுக்குக் குறையாமல் புரதமும், மிகக் குறைந்த சர்க்கரையும் உள்ள ‘வே’ புரதம் உங்களுக்குத் தேவை. பாலில் கலந்து குடிக்கும் மால்ட் பானங்களைப் பலர் புரோட்டீன் பவுடர் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் உப்பினால், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை மிகக் குறைந்த ‘ஐசொலேட்’ வகையைக் கேளுங்கள்.

தையல் பிரியும் என்ற அச்சத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு. அதன் காலம் மட்டும் கடந்துவிட்டது. இரைப்பையின் தையல் கசியும் ஆபத்து பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்கு உரியது. லேப்ராஸ்கோப்பி செய்தவர்களைக் கனமானவற்றைத் தூக்க வேண்டாம் என்று வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரைதான் தடுப்பார்கள். ஐந்தாம் மாதத்தில் நீங்கள் சுமை தூக்கலாம், தூக்கவும் வேண்டும். தொப்புளைச் சுற்றியோ துளையிட்ட தழும்புகளிலோ இருமும்போது புடைப்பு தெரிகிறதா என்று மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில், எடை குறைப்பதற்கான இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்ட பெண்களிடம் நடந்து, 2021-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு எப்போதும் நினைவில் நிற்கிறது. அறுவை முடிந்து மூன்றாவது மாதத்தில் தொடங்கி ஆறு மாதங்கள், வாரம் மூன்று முறை சுமைப் பயிற்சியும் அதோடு ஏரோபிக் பயிற்சியும் செய்தவர்களுக்கு, எடை குறைந்துகொண்டிருக்கும்போதே தசையின் வலு பெருகியது. பயிற்சி செய்யாத பிரிவில் வலுவோடு தசை நார்களின் பருமனும் குறைந்தது. தசையின் அளவை முழுவதும் காப்பாற்றுவது எல்லோருக்கும் இயலாமல் போகலாம். வலுவைக் காப்பாற்றுவது பெரும்பாலோருக்கு இயலும்.

இதற்கு ஜிம் கட்டாயமில்லை. நீங்கள் நடக்கும் ஒரு மணி நேரத்தில், வாரம் மூன்று நாள் பாதியை இதற்குக் கொடுங்கள். சுவரோடு அணைத்துப் போட்ட, கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு முறை. முடியாவிட்டால் இருக்கையில் ஒரு தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாரங்கள் போகப் போகத் தலையணையை எடுத்துவிட்டு, பிறகு இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. சுவரில் கைவைத்துச் சாய்ந்து தள்ளுவது மார்புக்கும் தோளுக்கும். ஜன்னல் கம்பியில் எலாஸ்டிக் பேண்டைக் கட்டிப் பின்னோக்கி இழுப்பது முதுகுக்கு. கடைசி இரண்டு, மூன்று முறைகள் உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும். சுலபமாக முடிந்தால் சுமை போதவில்லை என்று பொருள். மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளியே விடுங்கள். ஒரு நாள் செய்தால் மறுநாள் தசைக்கு ஓய்வு. முதல் இரண்டு, மூன்று முறை ஒரு பிசியோதெரபிஸ்ட் அருகிலிருந்து திருத்திக் கொடுத்தால், முழங்கால் வலியோடு பாதியில் விட்டுவிடும் நிலை வராது.

எடை பார்க்கும் மெஷினோடு இன்னோர் அளவுகோலையும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லி, மாதம் ஒருமுறை நோட்டில் குறியுங்கள். ஆசிய நாட்டினருக்காக 2019-இல் வகுத்த அளவின்படி 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆவது குறைவு. கைப்பிடி வலுவைக் கருவியில் அளந்தால், அதே அளவின்படி பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ் இருப்பது தசை வலுக்குறைவின் அடையாளம். மருத்துவமனையில் உடல் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் கருவி இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிலும் பார்க்கலாம். அன்று குடித்த தண்ணீரைப் பொறுத்து அதன் எண் சற்று மாறும் என்பதால், ஒரே கருவியில், ஒரே வேளையில் பாருங்கள்.

கடைசியாக, அந்தக் குடம். பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்து, நாற்காலிப் பயிற்சி ஒரு மாதம் நடந்தபின், நான்கு லிட்டர் தண்ணீரோடு தொடங்குங்கள். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்கி, குடத்தை உடலோடு ஒட்டி அணைத்து எழுங்கள். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை. பதினைந்து நாளுக்கு ஒரு லிட்டர் கூட்டினால் போதும்.