மாந்தோப்பில் எடுத்த முதல் குறும்படம்

மாணவராக இருந்தபோது தொழில்முறைக் கருவிகளை வைத்து முதல் குறும்படம் எடுத்த அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிருஷ்ணகிரிக்காரன். கல்லூரியில் படிக்கும்போது எடுத்த படம் அது. அதற்கு முன் எடுத்ததெல்லாம் ஃபோனில்தான். சுருக்கமாகச் சொன்னால், கேமரா ஆசையில் போனவன் சவுண்டில் விழுந்துவிட்டேன்.

கதை சின்னது. குத்தகைத் தோப்புக்குக் காவல் இருக்கும் ஒரு பாட்டி, மாங்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போக நினைக்கும் பேரன். எங்கள் பக்கம் பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கூழுக்குத்தான் போகும். விலை இறங்கினால் பறிப்புக் கூலிக்கே கட்டாது. பேரன் தோப்பை விட்டுப் போவானா மாட்டானா என்பதுதான் படம். காவேரிப்பட்டணம் பக்கம் நண்பனின் மாமா தோப்பு கிடைத்தது. அங்கே நிஜமாகவே காவலுக்கு இருந்த பாட்டியையே நடிக்கக் கேட்டோம். அவருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். பேசும்போது இரண்டும் கலந்து வரும். எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர் அப்படித்தான். அந்தப் பேச்சை அப்படியே பதிவு செய்ய வேண்டும், டப்பிங் கூடாது என்பதில் மட்டும் நான் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தேன்.

சென்னையில் உதவி ஒளிப்பதிவாளராக இருக்கும் சீனியர் அண்ணன் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டதால் கருவிகள் வாடகைக்குக் கிடைத்தன. பெங்களூரிலிருந்து எடுத்து வந்தோம். எங்களுக்கு அது சுமார் 90 கிலோமீட்டர்தான், சென்னை ரொம்பத் தூரம். சோனி எஃப்எக்ஸ்3 கேமரா, 35, 50, 85 எம்எம் லென்ஸ்கள், ஒரு எல்இடி லைட், நீளக் கம்பில் மாட்டும் பூம் மைக், சத்தத்துக்குத் தனி ரெக்கார்டர்.

ஃபோன் நமக்காக எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடும். இந்தக் கேமராவில் ஒவ்வொன்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பாட்டி வீட்டு டியூப்லைட் படத்தில் துடிக்காமல் இருக்க நொடிக்கு 25 ஃபிரேமில், ஷட்டரை (ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்கும் நேரத்தை) 1/50 நொடியில் வைத்தோம். ஷட்டரை அப்படி நிறுத்திவிட்டால் வெளியே வெயிலில் படம் வெளுத்துவிடும். அதற்கு லென்ஸ் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் போட வேண்டும், இந்தக் கேமராவுக்குள் அது கிடையாது. லாக் என்ற வெளிறிய நிற முறையில் பதிவு செய்ததால் மானிட்டரில் எல்லாமே சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தது. "கலரே இல்லையே தம்பி" என்றார் பாட்டி. வெளிச்சத்திலும் நிழலிலும் உள்ள விவரம் தப்பாமல் இருக்கத்தான் அந்த வெளிறல். நிறத்தைப் பிறகு எடிட்டிங்கில் கொண்டு வந்துகொள்ளலாம்.

85 லென்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சம் நுழையும் துளையை எஃப் 1.8-க்கு அகலமாகத் திறந்து, ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் முகத்தை எடுத்தால் ஃபோகஸில் இருப்பது சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். பாட்டியோ பேசும்போது முன்னும் பின்னும் ஆடுவார், ஆடாதீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் ஃபோகஸ் ஆழம் கூடத் துளையை எஃப் 4-க்குச் சுருக்கி, டேப் பிடித்து அளந்து, வளையத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு பாட்டி ஆட ஆட வளையத்தைத் திருப்பிக் கையாலேயே ஃபோகஸ் இழுத்தார். அது தனி வித்தை.

மாமர நிழல் உட்காரச் சுகம், படம் பிடிக்கச் சிரமம். இலை வழியாக வரும் வெளிச்சம் முகத்தில் பச்சை சாய்க்கும், இடையிடையே வெயில் பொட்டுப் பொட்டாக விழும். கிளைக்குக் கிளை வெள்ளை வேட்டி கட்டி வெயிலை மட்டுப்படுத்தி, முகத்தில் வெளிச்சம் திருப்பப் பக்கவாட்டில் தெர்மாகோல் பிடித்தோம். எல்இடி லைட்டை வீட்டுக்குள் மட்டும்தான் எடுத்தோம்.

இனி சவுண்ட். வெறும் காதுக்குத் தோப்பு அமைதியாகத்தான் இருந்தது. அண்ணன் ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டியதும் சேலம் போகிற என்.எச். 44 முழுவதும் உள்ளே ஓடியது. லாரி ஹார்ன், எங்கோ ஒரு பம்ப்செட், இலைச் சருகில் ஓணான். முதலில் காலர் மைக்கைத்தான் குத்திப் பார்த்தோம், பாட்டியின் நூல் சேலை உரசியதில் பேச்சே கேட்கவில்லை. அப்புறம்தான் பூம். காற்றுக்காக அதன் மேல் போட்டிருந்த முடி உறையைத் தடவிப் பார்த்து, "என்ன கண்ணு இது, முயல் தோலா?" என்று கேட்டார். அந்தக் கம்பைத் தலைக்கு மேல் அசையாமல் பிடித்து நிற்பது லேசான வேலை இல்லை. நண்பர்கள் முறை வைத்துப் பிடித்தார்கள்.

ஷாட்டுக்கு நடுவே பாட்டி சின்ன இரும்பு உரலில் வெற்றிலை இடிக்க ஆரம்பித்தார். மைக் பக்கத்தில் இருந்தது. பாக்கு உடையும் வரை டொக் டொக் என்று காய்ந்த சத்தம், வெற்றிலை சேர்ந்ததும் அது ஈரமாகி அமுங்கிப்போனது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை. பேரன் ஃபேக்டரிக்குப் போகிறேன் என்று சொல்லும் காட்சிக்குப் பாட்டிக்கு நீளமாக வசனம் எழுதி வைத்திருந்தேன். அத்தனையும் நீக்கிவிட்டேன். பாட்டி இடித்துக்கொண்டே இருப்பார், பேரன் சொன்னதும் உலக்கை நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இடிப்பார். அவ்வளவுதான் காட்சி. படம் பார்த்தவர்கள் எல்லோரும் பேசியது அந்த இடத்தைப் பற்றித்தான். ஃபோனில் எடுத்திருந்தால் அந்தச் சத்தம் என் காதுக்கே வந்திருக்காது.

ஷாட் தொடங்கும்போது தட்டும் கிளாப் பலகை எதற்கு என்பதும் எடிட்டிங்கில்தான் முழுசாகப் புரிந்தது. படம் ஒரு கார்டில், சத்தம் வேறு கார்டில். பலகை மூடும் ஃபிரேமையும் அந்த 'டப்' சத்தத்தையும் நேராக வைத்தால் இரண்டும் பொருந்திவிடும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் தோப்புச் சத்தத்தைப் பதிவு செய்து வையுங்கள். வெட்டிய இடங்களில் அதைப் போட்டு நிரப்பலாம். இன்னொன்று ஹார்ட் டிஸ்க். நாங்கள் எடுத்த நொடிக்கு 250 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கே 110 ஜிபிக்கு மேல் ஆகும். இரண்டு பிரதி எடுக்காமல் கார்டை அழிக்காதீர்கள்.

நீங்கள் மாணவர் என்றால், பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், நல்ல மைக், ரெக்கார்டர், ஹெட்ஃபோன் மூன்றையும் முதலில் வாடகைக்கு எடுங்கள். கேமரா அதற்கப்புறம். என் அடுத்த படம் பென்னாகரம் பக்கம். அதை ஃபோனிலேயே எடுக்கப் போகிறேன், மேனுவல் ஆப்பில் 25 ஃபிரேம் வைத்து. வாடகைப் பணம் முழுவதும் சவுண்டுக்குத்தான்.