ஜி.சி.-எம்.எஸ். காட்டும் சேர்மங்கள் எல்லாம் என் பாக்டீரியா உண்டாக்கியவை என்று எழுதலாமா?

மீனிலிருந்து பிரித்த சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவை டி.எஸ்.பி. என்ற திரவ ஊட்ட மீடியத்தில் வளர்த்து, எஸ்.பி.எம்.இ. ஃபைபரில் (ஆவியை உறிஞ்சிப் பிடிக்கும் மெல்லிய இழை) ஆவியைப் பிடித்து, சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் ஓட்டியிருக்கிறீர்கள். மென்பொருள் 63 சேர்மங்களைக் கொடுத்திருக்கிறது. மென்பொருளின் நிறமாலைத் தொகுப்போடு 80 விழுக்காட்டுக்கு மேல் பொருத்தம் உள்ளவற்றை எல்லாம் ஆய்வேட்டில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

சேர்க்காதீர்கள். பாக்டீரியா போடாத வெறும் மீடியத்தை ஓட்டியதாகக் கேள்வியில் எங்குமே இல்லை. அதனால் ஓட்டவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் இதே இடத்தில் நானும் நின்றவள், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

என்னுடையதும் சூடோமோனாஸ்தான், கானாங்கெளுத்தி மீனிலிருந்து பிரித்தது. 20 மில்லி வயலில் (சிறு கண்ணாடிக் குப்பி) 5 மில்லி கல்ச்சர் (பாக்டீரியா வளர்ந்த மீடியம்), 40 டிகிரியில் அரை மணி நேரம் ஃபைபரைத் தொங்கவிடுவேன். ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலேயே ஒரு பீக் (வரைபடத்தில் ஒரு சேர்மத்தைக் காட்டும் முகடு) வரும், 3-மெதில்பியூட்டனல் என்ற ஆல்டிஹைடு. பொருத்தமும் பிரமாதமாக இருந்தது. கெட்டுப்போன மீனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் கிடைத்துவிட்டது என்று போஸ்டர் போட்டேன், இரண்டாம் ஆண்டு டாக்டரல் கமிட்டியிலும் அதையே வைத்தேன்.

வெளியிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) எடுத்த டி.எஸ்.பி.-யை மூடி திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறாயாம்மா?” என்றார்.

அன்று மதியமே போய்த் திறந்தேன். ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்தது போல ஒரு மால்ட் வாசம். நான் கண்டுபிடித்ததாகச் சொன்ன சேர்மத்தின் வாசமே அதுதான். டி.எஸ்.பி.-யில் லிட்டருக்கு 17 கிராம் கேசின் செரிமானப் பொருள், 3 கிராம் சோயா, 2.5 கிராம் குளுக்கோஸ் இருக்கின்றன. அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்ததை 121 டிகிரியில் வைத்தால் ரொட்டி சிவப்பதைப் போன்ற வினை அங்கேயும் நடக்கும். லியூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து 3-மெதில்பியூட்டனல், ஐசோலியூசினிலிருந்து 2-மெதில்பியூட்டனல், கூடவே சில பைரசின்கள். பாக்டீரியாவின் பங்கு அதில் துளிகூட இல்லை.

பிறகு வெறும் மீடியத்தை ஓட்டினேன். அந்த பீக் இருந்தது, கல்ச்சரில் இருந்ததைவிட உயரமாகவே இருந்தது. கல்ச்சரில் அது குறைந்து, 3-மெதில்-1-பியூட்டனால் என்ற ஆல்கஹால் கூடியிருந்தது. பாக்டீரியா அந்த ஆல்டிஹைடை எடுத்து ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. உற்பத்தி என்று நான் எழுதியது உண்மையில் செலவாகிக்கொண்டிருந்தது. இதனால் என் வேலைக்கு ஒரு நல்லதும் நடந்தது: எது கூடியது என்பதோடு எது குறைந்தது என்றும் அட்டவணை போட ஆரம்பித்தேன்.

பிளாங்க், அதாவது அந்த வெறும் மீடியத்தை, முதலிலேயே ஏன் ஓட்டவில்லை என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஆட்டோசாம்ப்ளர் (வயல்களைத் தானாகவே ஓட்டும் கருவி) கிடையாது, கையால்தான் ஊசி போட வேண்டும். ஒரு வயலுக்கு ஒரு மணி நேரம். கருவி என் கைக்கு வரும்போது காலை பதினொன்று. மாணவிகள் விடுதி வாசல் இரவு எட்டரைக்கு மூடப்படும். ஒன்பது வயலோடு நாள் முடிந்துவிடும், பிளாங்க் மூன்றும் அடுத்த வாரத்துக்குப் போகும், அடுத்த வாரம் வரவே வராது. என்னுடன் சேர்ந்த ஆண்கள் விடிய விடிய ஓட்டிவிட்டு ஆய்வகத்திலேயே தூங்கினார்கள். எனக்கு அப்போது 27 வயது. ஓர் இரவு தங்க அப்பாவின் கையெழுத்தை ஊரிலிருந்து வாங்கி வரச் சொன்னார்கள். கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சிலர் சொல்லலாம். எந்த வயல் விட்டுப்போகிறது என்பதை முடிவு செய்தது அந்த வாசல்தான், அதனால் எழுதுகிறேன்.

சரி, உங்கள் 63-க்கு வருவோம். அதே மீடியம், அதே வயல், அதே இன்குபேட்டர், அதே மணி நேரம், பாக்டீரியா மட்டும் இல்லாமல். குறைந்தது மூன்று வயல். அதோடு காலி வயலில் ஃபைபரை வைத்தும் ஒரு முறை ஓட்டுங்கள். 73, 147, 207, 281 என்று நிறை எண்கள் முன்னால் நிற்கும் பீக்குகள் பெரும்பாலும் சிலாக்ஸேன்கள், ஃபைபரிலிருந்தும், சேர்மங்களைப் பிரிக்கும் குழாயான காலத்திலிருந்தும் (column) கழன்று வருபவை. அவற்றை முதலில் நீக்குங்கள்.

அப்புறம் இந்தப் பொருத்த விழுக்காடு. நிறமாலை ஒத்துப்போகிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. 2-ஹெப்டனோன், 2-நோனனோன், 2-அன்டெகனோன் மூன்றிலும் 43-ம் 58-ம்தான் ஓங்கி நிற்கும், உடையாத முழு மூலக்கூறைக் காட்டும் மூலக்கூறு அயனி மெலிந்திருக்கும். மென்பொருள் ஒன்றுக்கு இன்னொன்றைச் சொல்லிவிடும். ஆல்கேன் கலவையை ஓட்டி ரிடென்ஷன் இண்டெக்ஸ் (சேர்மம் வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்டுத் தரும் எண்) கணக்கிட்டால் தெளிந்துவிடும்: டி.பி.-5 வகைக் குழாயில் அவை முறையே 890, 1090, 1290-ஐ ஒட்டி வரும். 2007-ல் மெட்டபாலமிக்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் இனிஷியேட்டிவ் வகுத்த நிலைகளின்படி, அசல் ஸ்டாண்டர்டை (அந்தச் சேர்மத்தின் தூய மாதிரி) அதே கருவியில் ஓட்டி நேரமும் நிறமாலையும் இரண்டுமே பொருந்தினால்தான் முதல் நிலை. எல்லாவற்றுக்கும் ஸ்டாண்டர்ட் வாங்கக் காசு இருக்காது, தெரியும். நீங்கள் முடிவுரையில் பெயர் சொல்லப்போகும் நான்கைந்துக்காவது வாங்குங்கள். மற்றவற்றுக்கு ‘தற்காலிக அடையாளம்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

மீன் சாற்றையே ஓட்டப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று. கடல்மீன் கவுச்சிக்கு முக்கியக் காரணம் ட்ரைமெதிலமீன். அறையே நாறும், ஆனால் பீக் வராது. மீனை அம்மா புளித்தண்ணீரில் அலசுவார் அல்லவா, அமிலத்தில் அமீன் உப்பாகி ஆவியாகாமல் அடங்கிவிடும். வயலில் இதற்கு நேர்மாறாகக் காரம் சேர்த்தால்தான் அது மேலே எழும். அமீனுக்கென்று தனி வயல் வையுங்கள். மற்ற சேர்மங்களைப் பார்க்கும் வயலில் காரத்தைப் போடாதீர்கள், அங்கே வேறு வினைகள் தொடங்கிவிடும்.

‘மீன்காரம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார், இதற்கு ஏன் கருவி’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். அவர் மூக்கை நான் மதிக்கிறேன். ஆனால் கெட்டுப்போனது வேறு, நோய் தருவது வேறு. சூரை மீனில் ஹிஸ்டமின் ஏறியிருந்தாலும் வாசம் சாதாரணமாகவே இருக்கலாம். லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் வளரும், மூக்குக்கு எதுவும் தெரியாது. பெரிய ஆய்வகங்களில் இருப்பவர்கள் இன்னும் நுட்பமான வழிகள் சொல்வார்கள், அவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை. ஒரே ஃபைபரை வைத்துக்கொண்டு நாளை எண்ணுகிற மாணவருக்கு எழுதுகிறேன்.

கடைசியாக, உங்கள் பட்டியலில் இண்டோல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 117 ஓங்கி, 90-ம் 89-ம் பின்னால் நிற்கும், இண்டெக்ஸ் 1290-ஐ ஒட்டி வரும். 2-அன்டெகனோனும் அங்கேதான் வரும், அதனால் நிறமாலையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஈ. கோலை டிரிப்டோபானிலிருந்து இண்டோலைத் தாராளமாக உண்டாக்கும், சூடோமோனாஸ் பொதுவாக உண்டாக்காது. வெறும் மீடியத்தில் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் அது இருந்தால் வேறு பாக்டீரியா கலந்திருக்கலாம், கணினியை அப்படியே விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் கல்ச்சரை ஒரு பிளேட்டில் கோடிழுத்து இன்குபேட்டரில் வையுங்கள். காலையில் எத்தனை விதமான காலனிகள் வந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.