மணல் வடிகட்டியின் நீரை வடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் மாந்தோப்பு வீட்டில் சிறிய நீச்சல் குளம் ஒன்று உள்ளது. அதன் வடிகட்டியில் பழைய மணலை மாற்றுவதற்காக உள்ளே நிற்கும் நீரை எப்படி வடிக்க வேண்டும்? அந்த நீரை மாமரங்களுக்குப் பாய்ச்சலாமா?
– வாசகர் ஒருவர், கிருஷ்ணகிரி

பதில்: முதலில் மோட்டாரை நிறுத்தி, டைமர் அதைத் தானாக ஓடவிடாதபடி மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். மோட்டார் அறை குளத்தின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால், குளத்திலிருந்து வரும் குழாய், குளத்துக்குத் திரும்பும் குழாய் இரண்டின் வால்வுகளையும் மூடியாக வேண்டும். இல்லையெனில் வடிகட்டித் தொட்டியின் அடித்திருகைக் கழற்றியதும் குளத்து நீர் அறைக்குள் பாயும்.

அடுத்து, தொட்டியின் மேலுள்ள காற்றுத் திருகை மெல்லத் தளர்த்தி, அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருங்கள். அழுத்தம் எஞ்சியிருக்கும்போது கிளாம்பைக் கழற்றினால் மேல்மூடி வேகமாக எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இந்த ஒரு படியில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. அதன்பின் தொட்டியின் அடியிலுள்ள திருகைக் கழற்றுங்கள். மணலின் ஊடே கசிந்து வரவேண்டியிருப்பதால் நீர் மெதுவாகத்தான் வடியும். நீரோடு மணலும் தொடர்ந்து வந்தால், அடியிலுள்ள சல்லடைக் குழாய்களிலோ திருகின் உள்வலையிலோ விரிசல் இருக்கலாம். மணலை அள்ளியதும் அவற்றைச் சோதித்துவிடுங்கள். அக்குழாய்கள் எளிதில் உடையக்கூடியவை. ஆகவே மண்வெட்டி வேண்டாம், கையாலோ சிறு குவளையாலோ அள்ளுங்கள். புது மணலைக் கொட்டுமுன் நடுக்குழாயின் வாயைத் துணியால் மூடி, தொட்டியில் பாதியளவு நீர் நிரப்பிக்கொண்டால், விழும் மணலின் வேகத்தை அந்த நீர் தாங்கிக்கொள்ளும். தொட்டியை மூடியபின், நீரோட்டத்தை மாற்றும் வடிகட்டி வால்வில் முதலில் பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுதல்), பிறகு ரின்ஸ் (அலசுதல்), அதன்பிறகே ஃபில்டர் (வழக்கமான வடிகட்டல்) நிலை. இந்த வால்வின் கைப்பிடியை ஒவ்வொரு முறையும் மோட்டார் நின்ற பிறகே திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் அடைப்பு) கிழிந்துவிடும்.

வடித்த நீரைத் திறந்த தொட்டியில் ஓரிரு நாள் வெயிலில் விட்டால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். பிறகு எப்போதாவது ஒருமுறை மரங்களுக்கு விடுவதில் தவறில்லை. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி உள்ள குளமென்றால் விடவே வேண்டாம், மா உவர்நீரைத் தாங்காத மரம். எந்நிலையிலும் அந்த நீரை மாடுகளுக்குக் காட்டாதீர்கள். காரணம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பிய குளத்தில் நீர் ஆவியாக ஆவியாக ஃபுளோரைடின் செறிவு கூடுமே தவிர, வெயிலில் வைப்பதால் குறையாது.