காலைக் கஞ்சி மறந்துபோகிறது, லாரல்-ஹார்டி மட்டும் எப்படி நினைவிருக்கிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது, சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். காலையில் குடித்த கஞ்சியை ஒரு மணி நேரத்தில் மறந்துவிட்டு ‘எனக்கு யாரும் ஒண்ணும் தரலை’ என்கிறார். ஆனால் சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து நான் டிவியில் பார்த்த லாரல்-ஹார்டி சிரிப்புப் படத்தைப் போட்டால், பியானோ படிக்கட்டில் உருளப்போவதை முன்கூட்டியே சொல்லிச் சிரிக்கிறார். நடிக்கிறார் என்கிறார் அண்ணன். தினமும் அதையே காட்டலாமா? போன வாரம் பாதியில் என்னைப் பார்த்து ‘உங்கம்மா தேடமாட்டாளா, வீட்டுக்குப் போம்மா’ என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள், அம்மா நடிக்கவில்லை. அல்சைமர் வகை மறதிநோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதை ஒட்டிய இடங்களையும்தான் முதலில் தொடுகிறது. இன்று நடப்பதைப் பதிந்துவைக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது, அதனால் கஞ்சி குடித்தது பதிவாகவே இல்லை, பதிவாகாததை எப்படி நினைவுபடுத்துவது? பழையவை மூளையின் மேற்பரப்பில் வெகுகாலம் முன்பே பரவி ஊறிப்போனவை, அவை கடைசியில்தான் கரையும். அதுவும் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை பெரும்பாலோருக்கு மற்ற வயதுகளைவிட அழுத்தமாக நிற்கும். தென்னாப்பிரிக்காவில் டிவி வந்ததே 1976 ஜனவரி 5-ஆம் தேதிதான் (அதுவரை அரசாங்கமே வேண்டாமென்று தள்ளிவைத்திருந்தது), அப்போது உங்கள் அம்மா முப்பதுக்குள் இருந்திருப்பார். புதுசாக வந்த பெட்டி, மடியில் பிள்ளை, வீடு நிறையச் சிரிப்பு. ஆழமாகப் பதிய வேறென்ன வேண்டும்?

இன்னொன்று, ‘காலையில் என்ன சாப்பிட்டீங்க’ என்ற கேள்விக்குத் துப்பே கிடையாது, மூளை வெறுங்கையோடு தேடவேண்டும். படம் ஓடும்போது ஒவ்வொரு காட்சியும் அடுத்ததற்குத் துப்புக் கொடுக்கிறது. தவிர அந்தக் காலத்து விழுந்து எழும் நகைச்சுவைக்குக் கதை நினைவிருக்கவே வேண்டாம், பியானோ உருண்டால் அந்த நொடியில் சிரிப்பு வரும்.

அதனால் தாராளமாகப் போடுங்கள், ஒரு கெடுதலும் இல்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளையும் சந்தோஷமான படத்துண்டுகளையும் காட்டினார்கள். பார்த்ததே பலருக்கு மறந்துவிட்டது, ஆனால் அது கொடுத்த மனநிலை மறதிக்குப் பிறகும் நீடித்தது. சோகமும் அப்படியே நீடித்தது என்பதையும் கவனியுங்கள், எரிந்து விழுந்துவிட்டு ‘எப்படியும் மறந்துடுவாங்க’ என்று இருக்க முடியாது. ஆனால் இது நோயைத் திருப்பிவிடும் என்று நம்பவேண்டாம். பழைய நினைவுகளைப் பேசவைக்கும் சிகிச்சைகளின் பலன் ஆய்வுகளில் சின்னதாகத்தான் தெரிகிறது.

தயவுசெய்து பரீட்சை மட்டும் வைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் மகள் நிமிடத்துக்கு நிமிடம் படத்தை நிறுத்தி ‘இவர் பேர் என்னம்மா, சொல்லுங்க’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அந்த அம்மா சிரிப்பை விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நீங்களும் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரியுங்கள், போதும். போனில் வேண்டாம், பெரிய திரையில் போடுங்கள். ஒரு படம் முடிந்ததும் எழுப்பி நாலு அடி நடக்கவிடுங்கள். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காதைப் பரிசோதிக்கவேண்டும், சரியாகக் கேட்காததையும் பலர் மறதி என்று நினைத்துவிடுகிறார்கள். கரண்ட் இல்லாத நேரத்துக்கு மட்டும் ஒன்றிரண்டைப் போனில் இறக்கி வைத்திருங்கள், பாதியில் இருட்டானால் மறதிநோய் உள்ளவர்கள் மிரண்டுபோவார்கள்.

‘வீட்டுக்குப் போம்மா’ என்றதுதான் உங்களைக் குத்தியிருக்கிறது. அந்தப் படம் ஓடும்போது அம்மா இருந்தது அந்தக் காலத்தில், அவர் மனதில் மகள் மடியில் உட்காரும் வயதுப் பிள்ளை. எதிரே நிற்பவருக்கு முடி நரைத்திருந்தால் அவர் யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்றுதானே நினைப்பார்? ‘நான்தாம்மா உங்க பொண்ணு’ என்று வாதாடினால் பயம்தான் மிஞ்சும். ‘சொல்லிட்டுத்தான் வந்தேன், இதை முடிச்சுட்டுப் போறேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் டிவியை விட முக்கியமானது, அம்மாவைக் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம், சைவச் சாப்பாடு என்றால் இன்னும் குறையலாம், அதுவே மறதியைக் கூட்டும். பி12, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் வயதானவர்களைக் குழப்பிவிடும். இழவுச் செய்தி கேட்டும் சிரிக்கிறார், அல்லது காரணமே இல்லாமல் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வருகிறது என்றால் அது வேறு விதமான மூளைக்கோளாறாக இருக்கலாம், டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஓரிரு நாளிலேயே திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று மாதிரி ஏதாவது இருக்கலாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.