ஸ்லாஷர் உதறினால் கியர் பாக்ஸைக் கழற்றும் முன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காலி மனைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் மண்டிக் கிடக்கும் கோரையையும் சீமைக் கருவேலங் கன்றுகளையும் வெட்டிக் கொடுக்கும் வேலையை, 45 குதிரைத்திறன் டிராக்டரும் அதன் பின்னால் மாட்டிப் புதர் வெட்டும் 5 அடி ரோட்டரி ஸ்லாஷரும் வைத்துச் செய்து வருகிறேன். போன மாதம் புல்லுக்குள் யாரோ கொட்டிவிட்டுப் போயிருந்த கான்கிரீட் துண்டில் மோதி ஒரு பிளேடு வளைந்துவிட்டது. அந்தப் பிளேடை மட்டும் மாற்றி, டிராக்டர் இன்ஜினின் சுழற்சியை ஸ்லாஷருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டையும் இரண்டாகப் பிரித்துக் கிரீஸ் வைத்து மாட்டினோம். அன்று முதல் வண்டியே உதறுகிறது; இருக்கையில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. மெக்கானிக் கியர் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா, ஐயா?
– ஒரு வாசகர், மணலி புதுநகர்

பதில்: கியர் பாக்ஸுக்குப் பணம் கட்டும் முன், இரண்டு பிளேடுகளையும் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைத் தராசுக்குப் போய் வாருங்கள். 'அந்தப் பிளேடை மட்டும் மாற்றி' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு பருவம் முழுவதும் மண்ணையும் கல்லையும் தின்று தேய்ந்த பிளேடுக்கு எதிரே புத்தம் புதிய பிளேடு தொங்கினால், ஸ்லாஷர் உதறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டிராக்டரின் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. ஸ்லாஷரின் கியர் பாக்ஸ் அதைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. உங்களுடையதில் பிளேடு நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி 100 கிராம் எடை ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருந்தால், அது ஏறத்தாழ 43 கிலோ பளுவுக்குச் சமமான விசையோடு கியர் பாக்ஸின் அடி ஷாஃப்டை வெளிப்பக்கமாக இழுக்கும்; இழுக்கும் திசையோ ஒரு நொடிக்குள் 13 முறை சுற்றி வந்துவிடும். நூறு கிராம் என்பது ஒரு கைப்பிடிப் பருப்பு. அதனால்தான் பிளேடுகளைக் கையால் தூக்கிப் பார்த்து 'ஒரே கனம்தான்' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. தராசில் 20 கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டினால், கனமான பிளேடின் வெட்டும் முனையைச் சாணை பிடித்துச் சமன் செய்யுங்கள். தேய்மானம் அதைவிட மிகுதி என்றால் இரண்டையும் ஜோடியாக மாற்றிவிடுங்கள்.

பிளேடுகளைக் கழற்றும்போதே அவை தொங்கும் போல்ட்டையும் அதைச் சுற்றியுள்ள உலோக வளையமான புஷ்ஷையும் பார்த்துவிடுவது நல்லது. பிளேடு போல்ட்டில் தாராளமாக ஆட வேண்டும். பிளேடுகள் தொங்கும் தட்டு சுற்றும்போது தானாக வெளியே விரிய வேண்டும். துருவோ முறுக்கிக்கொண்ட கயிறோ ஒரு பிளேடைப் பிடித்துக்கொண்டால், ஒன்று விரிந்தும் மற்றது மடங்கியும் சுற்றும். அப்போது வரும் உதறல் எடை வித்தியாசத்தால் வருவதைவிட மோசமாக இருக்கும். மாதவரத்தில் ஒருமுறை இப்படி உதறிய ஸ்லாஷருக்கு அடியில் நானே படுத்துப் பார்த்தபோது, டயர் எரித்த இடத்தில் மிச்சமாகக் கிடந்த மெல்லிய கம்பிச் சுருள், பிளேடுக்கும் தட்டுக்கும் இடையில் ஆணி அடித்தாற்போல் இறுகியிருந்தது. ஹேக்ஸா பிளேடால் கால் மணி நேரம் அறுத்தெடுத்ததோடு நோய் தீர்ந்தது. அங்கேயும் அதற்கு முன்பே ஒருவர் பேரிங்குக்கு விலை பேசி முடித்திருந்தார்.

அடியில் படுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கனமான தட்டு சுற்றி முடியும் வரை காத்திருங்கள். தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக்கை நம்பாமல், ஸ்லாஷரின் நான்கு மூலைக்கும் பருத்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகே தலையை உள்ளே நீட்டுங்கள்.

எடை சரியாக இருந்தும் உதறல் நிற்கவில்லை என்றால், அடுத்த சந்தேகம் நீங்கள் பிரித்து மாட்டிய ஷாஃப்டின் மேல் விழுகிறது. அதன் இரு முனையிலும் கிராஸைப் (சாய்ந்த கோணத்திலும் ஷாஃப்ட் சுற்ற உதவும் சிலுவை வடிவ இணைப்பு) பிடித்திருக்கும் கவைகள் உண்டல்லவா? நடுக் குழாயின் இரு பாதிகளிலும் உள்ள அந்த உட்பக்கக் கவைகள் ஒரே தளத்தில், ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். சாய்ந்த கோணத்தில் வேலை செய்யும் ஒரு கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை இரண்டு முறை கூட்டி இரண்டு முறை குறைக்கும். மறுமுனைக் கிராஸ் அதை நேரெதிராகச் செய்து ஈடுகட்டிவிடும். சதுரக் குழாயை ஒரு பக்கம் தள்ளிச் செருகிவிட்டால் கவைகள் 90 பாகை விலகிவிடும். அப்போது இரண்டு கிராஸும் ஒன்றையொன்று ஈடுகட்டாமல் சேர்ந்து உதறும். பிரிக்கும் முன் சுண்ணாம்புக் கட்டியால் இரு பாதிக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இவை இரண்டும் சரி என்றால்தான் கியர் பாக்ஸ் பக்கம் திரும்ப வேண்டும். பிளேடு தொங்கும் தட்டின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அடி நட்டு தளர்ந்தும் இருக்கலாம். ஆட்டம் இல்லாவிட்டால் தட்டைக் கையால் மெல்லச் சுற்றி, அதன் இரு முனைகளும் ஒரே இடத்தைக் கடக்கும்போது என்ன உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து பாருங்கள். கான்கிரீட்டில் மோதிய வண்டியாயிற்றே, வித்தியாசம் இருக்க வாய்ப்புண்டு. இருந்தால், தட்டைக் கழற்றி அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி மீண்டும் அளந்து பாருங்கள். உயர்ந்த முனை தட்டோடு இடம் மாறினால் வளைந்தது தட்டு. கியர் பாக்ஸின் அடி ஷாஃப்டின் அதே பக்கத்திலேயே தங்கினால் வளைந்தது அந்த ஷாஃப்ட். இந்தச் சோதனையைச் செய்துகாட்டிவிட்டு உங்கள் மெக்கானிக் ஷாஃப்டை மாற்றச் சொன்னால் தயங்காமல் மாற்றுங்கள். அப்போதும் முழுக் கியர் பாக்ஸ் தேவைப்படாது.

கேள்வி: வெட்டும்போது உதறல் இல்லை. வரப்பு ஓரத்தில் திருப்புவதற்காக ஸ்லாஷரைத் தூக்கினால் மட்டும் தடதடவென்று சத்தம் வருகிறது. பிளேடுகள் புதியவை, எடையும் பார்த்துவிட்டேன்.
– ஒரு வாசகர், புழல்

பதில்: தூக்கினால் வந்து இறக்கினால் போகும் சத்தத்துக்குப் பிளேடு காரணமாக இருப்பது அரிது; ஷாஃப்டின் கோணமே காரணம். 10 பாகைச் சாய்வில் ஒரு கிராஸ் 540 சுற்று வேகத்தை ஏறத்தாழ 532-க்கும் 548-க்கும் இடையில் அலைக்கழிக்கும். அதை யாரும் உணர மாட்டார்கள். 30 பாகையில் அதே அலைச்சல் 468 முதல் 624 வரை போய்விடும். ஸ்லாஷரைத் தூக்கும்போது அதன் முன்புறமும் பின்புறமும் ஒரே அளவில் எழும்பாததால், இரு முனைக் கோணங்களும் சமமாக இருப்பதில்லை; ஆகவே ஈடுகட்டலும் நடப்பதில்லை. திருப்பும் முன் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குவதே முறை. அதற்கு மனம் வராதவர்கள், தரையை விட்டுச் சற்றே எழும்பும் அளவோடு தூக்குவது நிற்கும்படி ஹைட்ராலிக் லீவருக்கு ஒரு தடை வைத்துக்கொள்ளலாம். ஸ்லாஷரின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும், நீளத்தை மாற்றக்கூடிய டாப் லிங்கையும் ஒருமுறை பாருங்கள்: வேலை செய்யும் உயரத்தில் கியர் பாக்ஸின் முன் ஷாஃப்டும் டிராக்டரின் பி.டி.ஓ.வும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

கேள்வி: கடலோர மணல் மனைகளில் புதர் வெட்டுகிறேன். மெல்லிய அதிர்வோடு கியர் பாக்ஸின் அடியில் ஆயில் கசிகிறது. ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை இரண்டு முறை மாற்றியும் மூன்று மாதம் தாங்கவில்லை.
– ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: உங்கள் மனைகளில் பழைய வலைத் துண்டுகள் கிடக்கின்றனவா? மணலில் புதைந்த நைலான் நூலைச் சுற்றும் தட்டு இழுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அது மேலேறி ஆயில் சீலின் உதட்டை அறுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கிரீஸும் மணலும் அப்பிய ஒரு கறுப்பு வளையமாகத்தான் தெரியும். அதைக் கத்தியால் கீறிப் பிரித்தால் உள்ளே பச்சையும் நீலமுமாக நூல் வரும். சீல் மாற்றுபவர் பழைய சீல் ஷாஃப்டில் பதித்த பள்ளத்தையும் விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கினால் எத்தனை புதிய சீல் போட்டாலும் கசியும், ஷாஃப்டை லேத் பட்டறைக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆயில் குறைந்த நிலையில் ஓட்டிய பேரிங்கில்தான் உங்கள் மெல்லிய அதிர்வு தொடங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. சீல் மாற்றும் அன்றே பேரிங்கையும் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எடை குறைந்த பிளேடின் மேல் வெல்டிங் வைத்துச் சமன் செய்யலாமா?
– ஒரு வாசகர், செங்குன்றம்

பதில்: கூடாது. பதப்படுத்திய எஃகு வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் நொறுங்கும் தன்மை அடைகிறது. விரிசல் வெளியே தெரியாமலே வளரும். மேலே சொன்ன வேகத்தில் 5 அடி ஸ்லாஷரின் பிளேடு முனை மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. உடைந்த துண்டும் அதே வேகத்தில்தான் வெளியேறும். வளைந்த பிளேடைச் சூடேற்றி நிமிர்த்துவதற்கும் இதே பதில்.