கடற்கரைக் கோடு நகர்வதை அளப்பது எப்படி? – கேள்வி பதில்

1990, 2024 என இரண்டு செயற்கைக்கோள் படங்கள் உள்ளன. வடசென்னையின் அரிப்பு வேகத்தைச் சொல்லிவிடலாமா?

சொல்லலாம், நம்ப முடியாது. படம் எடுத்த நேரத்து ஓதத்தை (கடல் நீரின் ஏற்ற இறக்கத்தை) பாருங்கள். கரைச் சரிவு 20க்கு 1 என்றால், நீர்மட்டம் அரை மீட்டர் மாறினாலே கோடு 10 மீட்டர் தள்ளித் தெரியும். நீர்மட்ட வித்தியாசத்தைச் சரிவால் வகுத்துத் திருத்துங்கள். வாடைக்கு (வடகிழக்குப் பருவக்காற்றுக்கு) பிந்தைய ஜனவரிப் படத்தைச் செப்டம்பர் படத்தோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். ஆண்டுக்கு ஒன்று, அதே மாதத்தில் எடுங்கள். 50 மீட்டருக்கு ஒன்றாகக் கரைக்குக் குறுக்கே கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் கரை ஆண்டுதோறும் எங்கே இருந்தது என்று குறித்து, எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்து நேர்கோடு பொருத்துங்கள். அதன் சரிவுதான் வேகம்.

கரையை நேரில் அளக்க ட்ரோன் வாங்கக் காசில்லை சார்.

ஒன்றரை மீட்டர் கழிகள் இரண்டு, 2 மீட்டர் கயிறு போதும். கயிற்று நீளம் தள்ளிக் கழிகளை நிறுத்துங்கள். கரைப்பக்கக் கழியருகே நின்று, கடல்பக்கக் கழியின் உச்சியை அடிவானத்தோடு ஒட்டிப் பாருங்கள். அந்தப் பார்வைக்கோடு உங்கள் கழியை உச்சியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறதோ, அதுதான் அந்த 2 மீட்டரில் கரையின் இறக்கம். மாதம் ஒருமுறை, அதே அடையாளக் கல்லில் தொடங்குங்கள்.

கடல் மட்டம் உயர்வதுதானே அரிப்புக்குக் காரணம்?

சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. கடல் மட்டம் மட்டுமே காரணமானால் இரண்டும் தேய்ந்திருக்க வேண்டுமே.

எங்கள் குப்பத்துக்குத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) கேட்கிறோம். பக்கத்து ஊரில் மணல் சேர்ந்ததே?

சேர்ந்தது உங்கள் ஊருக்கு வரவேண்டிய மணல். ஆண்டின் பெரும்பகுதி தெண்டி நீரோட்டம், தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளும். வாடையில் வன்னி நீரோட்டம் அதைத் தெற்கே திருப்பும். கணக்கில் வடக்கேதான் மிச்சம். நடுவே கல் போட்டால் வடக்கே இருப்பவருக்கு மணல் பட்டினி.

அப்போ நாங்கள் மட்டும் வீட்டை இழக்கவா?

நியாயமான கோபம். ஆனால் அடுத்த குப்பமும் வளைவு கேட்கும், அதற்கடுத்ததும். தேங்கிய மணலைத் தொடர்ந்து வடக்கே இறைக்கச் சொல்லிக் கேளுங்கள். புதுச்சேரித் துறைமுகத் திட்டத்தில் அந்த ஏற்பாடு இருந்தது, தொடர்ந்து நடக்கவில்லை. நகரக் கடற்கரை மணல் போய் வெறும் கல் தடுப்பாகிப் போனது.

கரை எப்படி மாறும் என்று கணக்கிடும் கணினி மாதிரி (model) 2050க்கு எவ்வளவு சரியாகச் சொல்லும்?

அலை கரையில் உடையும் கோணம் 5 டிகிரிக்குப் பதில் 7 என்று கொடுத்துவிட்டால், மணல் நகர்வு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடும். பாதி ஆண்டுகளின் அளவீடுகளை வைத்து மாதிரியைத் திருத்தி, மீதிப் பாதியில் சோதியுங்கள். அதில் தோற்றால் 2050 பற்றிப் பேச வேண்டாம்.

கடல் மட்டம்தானே...

மெரினா பதிலைப் படியுங்கள்.

கூகுள் எர்த் படம் போதுமா?

ஓதம். ஓதம். முதல் பதில்.